குற்றம் என்றால் சட்டத்தில் எழுதுங்கள்: ஜெர்மன் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய புண்டஸ்டாக் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2024 நவம்பர் 7ஆம் தேதி உங்கள் அவை ஒரு தீர்மானம் போட்டது. ஜெர்மனியில் யூத வாழ்வைப் பாதுகாத்து வலுப்படுத்துவதுதான் அதன் நோக்கம். சமூக ஜனநாயகக் கட்சி, பசுமைக் கட்சி, தாராள ஜனநாயகக் கட்சி, கிறிஸ்தவ ஜனநாயகக் கூட்டணி எல்லோரும் ஆதரித்தார்கள். தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டியும் ஆதரித்தது. அன்று வாக்களித்தவர்களில் பலர் இப்போது அவையில் இல்லை. 2025 பிப்ரவரித் தேர்தலில் புதியவர்கள் வந்துவிட்டார்கள். தீர்மானம் மட்டும் நகராட்சி அலுவலகங்களிலும் பல்கலைக்கழக நிர்வாகங்களிலும் பண்பாட்டுத் துறைகளிலும் உயிரோடு இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் யூதனும் இல்லை, பாலஸ்தீனனும் இல்லை. இந்த நாட்டில் வேலை பார்த்து வரி கட்டும் தமிழன், அவ்வளவுதான். தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தச் சண்டை எங்கள் மொழியிலும் நடக்கிறது. ஐரோப்பாவில் யூத வெறுப்பு என்று ஒருவர் வாயெடுத்தால், 'இஸ்ரேலைக் காப்பாற்றப் பார்க்கிறான்' என்று ஒரு கூட்டம். காசாவில் செத்த குழந்தைகளைப் பற்றி ஒருவர் பேசினால், 'இவன் ஹிட்லர் கட்சி' என்று இன்னொரு கூட்டம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் சட்டக் கேள்வியைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். யூத வெறுப்பு கட்டுக்கதை இல்லை. ஜெர்மன் காவல்துறையின் கணக்கில் 2022இல் யூத வெறுப்புக் குற்றங்கள் 2,641. அடுத்த ஆண்டு 5,164. ஹமாஸின் அக்டோபர் 7 தாக்குதல் நடந்து பதினோரு நாளில், பெர்லின் புருன்னன் தெருவில் உள்ள யூதத் தொழுகைக்கூடத்தை நோக்கிப் பெட்ரோல் குண்டு வீசினார்கள். அதே நகரத்தில் வீட்டுக் கதவுகளில் தாவீது நட்சத்திரம் வரைந்தார்கள். இந்த வீட்டில் யூதர் இருக்கிறார் என்று கதவில் குறி போடுவதன் பொருள் ஜெர்மனியில் வாழ்கிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அதற்கு முன்னால் ஹாலே. 2019 அக்டோபர் 9, யோம் கிப்பூர் நாள். யூதர்களுக்கு ஆண்டிலேயே மிகப் புனிதமான நாள். உள்ளே ஐம்பதுக்கும் மேற்பட்டோர் தொழுதுகொண்டிருந்தார்கள். வெளியே துப்பாக்கியும் வெடிகுண்டுமாக ஒரு நவநாஜி. கூட்டாளி என்று யாரும் இல்லை. தான் செய்வதை இணையத்தில் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தான். மரக்கதவைச் சுட்டான், குண்டு வைத்தான், கதவு திறக்கவில்லை. ஆத்திரத்தில் தெருவில் போன ஒரு பெண்ணையும், கபாப் கடையில் இருந்த ஓர் இளைஞரையும் கொன்றான். உள்ளே இருந்தவர்கள் பிழைத்தது அந்தக் கதவால். வாசலில் அன்று ஒரு போலீஸ்காரர்கூட இல்லை. யோம் கிப்பூர் என்றைக்கு வரும் என்பது காலண்டர் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: யூதர்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் வழக்கே இல்லை. எதைக் கொண்டு காப்பாற்றுவது என்பதில்தான் வழக்கு.

உங்களிடம் ஏற்கெனவே சட்டம் இருக்கிறது, நல்ல சட்டமும்கூட. 1959 கிறிஸ்துமஸ் இரவில் கொலோன் தொழுகைக்கூடத்தில் ஸ்வஸ்திகா கிறுக்கியதும், அதைத் தொடர்ந்து நாடு முழுக்க நடந்த அசிங்கங்களும்தான் குற்றவியல் சட்டத்தின் 130ஆம் பிரிவை இன்றைய பாதைக்குக் கொண்டுவந்தன. மக்களில் ஒரு பகுதியினர்மீது வெறுப்பைத் தூண்டினால் தண்டனை. 1994இல் யூத இனப்படுகொலையை மறுப்பதும் அதில் சேர்ந்தது. ஐந்தாண்டு வரை சிறை. அதே ஆண்டு அரசியல் சாசன நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது. நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த முகாம் ஆஷ்விட்ஸ். 'ஆஷ்விட்ஸ் நடக்கவில்லை' என்பது கருத்தே இல்லை. பொய் என்று நிரூபிக்கப்பட்ட தகவல். கருத்துச் சுதந்திரம் அதற்குக் குடை பிடிக்காது.

ஆனால் அதே நீதிமன்றம் 2009இல் வுன்சீடல் வழக்கில் சொன்னதையும் நினைவில் வையுங்கள். வுன்சீடல் என்பது ஹிட்லரின் துணைத்தலைவர் ருடால்ஃப் ஹெஸ்ஸின் கல்லறை இருந்த பவேரியச் சிற்றூர். நவநாஜிகள் ஆண்டுதோறும் அங்கே ஊர்வலம் போவார்கள். நாஜி ஆட்சியைப் போற்றுவதைத் தடுக்கும் பிரிவை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இந்த நாட்டின் வரலாறு அப்படி, அதனால் இந்த ஒரு விதிவிலக்கு என்றது. கூடவே, நாஜிக் கருத்து எதுவானாலும் தடை என்று பொதுவாக ஒரு கொள்கை அரசியல் சாசனத்தில் கிடையாது என்றும் சொன்னது. கருத்து விஷமாக இருப்பது மட்டும் போதாது. அது பொது அமைதிக்கு ஆபத்தாக மாறும் இடத்தில்தான் அரசு கை வைக்கலாம். நாஜிகளிடம் அடிபட்ட ஒரு நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் இவ்வளவு நிதானமாக எழுதியதை நான் இன்றும் வியந்து படிக்கிறேன்.

குறுகலாக எழுதிய சட்டம் வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி வேண்டுமா? 2024 மே மாதம் ஹாலே நீதிமன்றம் துரிங்கியா மாநில ஏஎஃப்டி தலைவர் பியோர்ன் ஹோக்கேவுக்கு 13,000 யூரோ அபராதம் போட்டது. நாஜிப் படையான எஸ்ஏவின் முழக்கத்தை மேடையில் சொன்னதற்கு. எந்த முழக்கம், எந்தச் சட்டப் பிரிவு, எவ்வளவு அபராதம், மேல்முறையீடு எங்கே என்று எல்லாமே தாளில் இருந்தது. அவரும் வாதாடினார், தோற்றார்.

உங்கள் தீர்மானம் இந்த வகையில் சேராது. அது சட்டம் இல்லை. ஆனால் சட்டம் செய்கிற வேலையைச் செய்யச் சொல்கிறது. யூத வெறுப்பைப் பரப்பும், இஸ்ரேல் இருக்கும் உரிமையைக் கேள்வி கேட்கும், இஸ்ரேலைப் புறக்கணிக்க அழைக்கும் அமைப்புகளுக்கும் திட்டங்களுக்கும் பொதுப்பணம் போகக் கூடாது என்கிறது. எது யூத வெறுப்பு என்று அளக்க, யூத இனப்படுகொலை நினைவுக்கான சர்வதேசக் கூட்டணி 2016இல் புக்கரெஸ்டில் ஏற்றுக்கொண்ட செயல்முறை வரையறையைக் கையில் கொடுக்கிறது. அந்த வரையறை தன்னைப் பற்றித் தானே சொல்வது: சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. பதினொரு எடுத்துக்காட்டுகளில் ஏழு இஸ்ரேலைத் தொட்டவை. மற்ற நாடுகளை விமர்சிப்பது போல இஸ்ரேலை விமர்சித்தால் அது யூத வெறுப்பு ஆகாது என்ற வரியும் அதிலேயே இருக்கிறது. அந்த வரியை மட்டும் யாரும் மேற்கோள் காட்டக் காணோம். வரைவின் மூல ஆசிரியர்களில் முக்கியமானவர் கென்னத் ஸ்டெர்ன், அமெரிக்க யூதர். ஐரோப்பிய நாடுகள் யூத வெறுப்புச் சம்பவங்களை ஒரே அளவுகோலில் கணக்கெடுக்க வேண்டும் என்பதற்காக எழுதியது அது. பல்கலைக்கழகத்தில் பேச்சை அடக்க அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று 2017இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் போய் அவரே சாட்சி சொன்னார்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நீங்கள் 2023 டிசம்பரிலேயே பார்த்துவிட்டீர்கள். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிய யூதச் சிந்தனையாளர் ஹன்னா அரென்ட் பெயரிலான பரிசு மாஷா கெசனுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. கெசன் ரஷ்ய யூதக் குடும்பத்தில் பிறந்த எழுத்தாளர். காசாவை, நாஜிகள் கிழக்கு ஐரோப்பாவில் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோவோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். உடனே ஹைன்ரிஷ் பியோல் அறக்கட்டளையும் பிரேமன் நகர அரசும் பின்வாங்கின. பரிசு கடைசியில் ஒரு சிறு கூட்டத்தில், ஏதோ வெளியே சொல்லக்கூடாத காரியம் போல, வழங்கப்பட்டது. அந்த ஒப்பீடு எனக்கும் உடன்பாடில்லை. கெட்டோவின் முடிவு எங்கே போய் நின்றது என்பதை அது மழுப்புகிறது. சரி, அது என் வாதம். என் வாதத்தை நான் கட்டுரையாக எழுதுவேன். ஆனால் 1948 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸுக்கு ஒரு கடிதம் போனதே, இஸ்ரேலில் மெனாகெம் பெகினின் ஹேருட் கட்சி அமைப்பிலும் முறையிலும் நாஜி, பாசிசக் கட்சிகளை ஒத்திருக்கிறது என்று? ஐன்ஸ்டைனோடு அதில் கையெழுத்துப் போட்டவர் ஹன்னா அரென்ட். உங்கள் வரையறையை வைத்துப் பார்த்தால் அரென்ட் பெயரிலான பரிசு அரென்டுக்கே கிடைக்காது என்று அப்போது பலரும் சொன்னார்கள். அதில் மிகை ஒன்றும் இல்லை.

அடுத்த சில மாதங்களில் கொலோன் பல்கலைக்கழகம் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் நான்சி ஃப்ரேசருக்குக் கொடுத்த விருந்தினர் பேராசிரியர் பதவியைத் திரும்பப் பெற்றது. காரணம், பாலஸ்தீனத்துக்கு ஆதரவான ஒரு திறந்த மடலில் அவர் போட்ட கையெழுத்து. அவரும் யூதர். யூதர்களைக் காப்பாற்றும் விதியில் முதலில் மாட்டுபவர்கள் யூதர்களாகவே இருப்பது உங்களை உறுத்தவில்லையா?

விமர்சனம் என்ற போர்வையில் வரும் யூத வெறுப்பை அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். கூடாது. காசெல் நகர டாக்குமென்டா கலைக் கண்காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூனில் இந்தோனேசியாவின் தாரிங் பாடி குழு வரைந்த பிரம்மாண்டமான ஒரு துணி ஓவியம் நகரச் சதுக்கத்தில் எழுந்தது. சுகார்தோ சர்வாதிகாரத்தைப் பற்றி 2002இல் வரைந்தது. நூற்றுக்கணக்கான உருவங்களுக்கு நடுவே பன்றி முகத்தோடு ஒரு சிப்பாய். கழுத்துத் துணியில் தாவீது நட்சத்திரம், தலைக்கவசத்தில் 'மொசாட்'. இன்னோர் இடத்தில் காதோர முடிச்சுருளும் கோரைப்பல்லும் சுருட்டுமாக ஒருவன். தொப்பியில் நாஜிகளின் எஸ்எஸ் படைக் குறி. இதில் என்ன இஸ்ரேல் விமர்சனம்? ஐரோப்பா பல நூற்றாண்டுகளாக வரைந்த அதே கேலிச்சித்திரம், காலனி வழியாகவோ வேறெப்படியோ ஜாவாவுக்குப் போய், சுற்றிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறது. எங்களைப் போன்ற ஆசியர்கள் 'எங்களுக்கு இந்த வரலாறு தெரியாது' என்று தப்பிக்கப் பார்ப்பதை நான் ஏற்கமாட்டேன். ஐரோப்பாவில் கடை விரித்தால் இந்த ஊர்க் காயங்களையும் தெரிந்துகொண்டு வர வேண்டும். ஓவியத்தை முதலில் கறுப்புத் துணியால் மூடினார்கள், ஜூன் 21 அன்று இறக்கினார்கள். குழுவும் மன்னிப்புக் கேட்டது.

அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, ஜூன் 14 அன்று, உங்கள் உச்ச சிவில் நீதிமன்றம் இன்னொரு பன்றியைப் பற்றித் தீர்ப்பு சொன்னது. விட்டன்பர்க்கில் மார்ட்டின் லூதர் பிரசங்கம் செய்த தேவாலயத்தின் வெளிச்சுவரில், 1290 வாக்கில் செதுக்கிய ஒரு மணற்கல் சிற்பம். தாய்ப்பன்றி ஒன்று. அதன் மடியில் வாய் வைத்துப் பால் குடிப்பவர்கள், கூர்த்தொப்பியால் யூதர் என்று தெரிகிறவர்கள். ஒரு ராபி, அதாவது யூத மதகுரு, பன்றியின் வாலைத் தூக்கி உள்ளே பார்க்கிறார். மேலே இருக்கும் எழுத்துகள் லூதர் 1543இல் யூதர்களை வைது எழுதியதிலிருந்து எடுத்தவை. கடவுளின் திருப்பெயரையே கேலி செய்பவை. அதைக் கழற்ற வேண்டும் என்று முதிய யூதர் ஒருவர் வழக்குப் போட்டு, நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறினார், தோற்றார். சிற்பம் அவமதிப்புதான், ஆனால் 1988இல் கீழே தரையில் ஒரு வெண்கலப் பலகை பதித்து, அறுபது லட்சம் யூதர்களின் சாவை அதில் பொறித்த பிறகு அந்த இடம் நினைவுச்சின்னமாக மாறிவிட்டது என்றது நீதிமன்றம்.

ஒரே வாரம். இந்தோனேசியப் பன்றி இறங்கியது, ஜெர்மன் பன்றி சுவரிலேயே நின்றது. அந்தப் பெரியவர் பக்கம்தான் என் மனம். ஆனாலும் தீர்ப்பை முட்டாள்தனம் என்று தள்ள முடியவில்லை. விளக்கம் எழுதி, வெட்கத்தைக் கல்லிலேயே காட்டி, அசிங்கத்தைக் கண்முன் வைத்திருப்பது ஒரு வழி. அந்த வழியில் உங்களுக்கு நல்ல அனுபவமும் உண்டு. ஹிட்லரின் 'மைன் காம்ஃப்' நூலின் பதிப்புரிமை 2015 கடைசியில் முடிந்தபோது, மியூனிக்கின் சமகால வரலாற்று ஆய்வகம் 3,500க்கும் மேற்பட்ட குறிப்புகளோடு இரண்டு தொகுதிகளாக அதை வெளியிட்டது. ஒவ்வொரு பொய்க்கும் அதே பக்கத்தில் பதில். அதே நூல் எங்கள் ஊரில் தன்னம்பிக்கைப் புத்தகங்களுக்கு நடுவே, ஒரு குறிப்பும் இல்லாமல், நடைபாதையில் விற்கிறது. வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள். எங்களுக்கு அனுப்ப உங்களிடம் அந்த ஆய்வகம் இருக்கிறது. நீங்களோ வரையறையை ஏற்றுமதி செய்கிறீர்கள்.

இன்னொரு சாட்சி டேவிட் இர்விங். யூத இனப்படுகொலையை மறுத்த அந்தப் பிரிட்டிஷ்காரர், தன்னை மறுப்பாளர் என்று எழுதியதற்காக அமெரிக்க வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட்மீது லண்டனில் அவதூறு வழக்குப் போட்டார். இங்கிலாந்துச் சட்டத்தில் நிரூபிக்கும் சுமை லிப்ஸ்டாட் தலையில். ரிச்சர்ட் எவன்ஸ் போன்ற வரலாற்றாசிரியர்கள் இர்விங்கின் அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாக மூல ஆவணங்களோடு ஒப்பிட்டு, எங்கெங்கே திரித்திருக்கிறார் என்று தோண்டி எடுத்தார்கள். 2000 ஏப்ரலில் நீதிபதி சார்ல்ஸ் கிரே, இவர் மறுப்பாளர், யூத வெறுப்பாளர், இனவாதி என்று நூற்றுக்கணக்கான பக்கங்களில் எழுதினார். ஆள் அத்தோடு முடிந்தார். ஆறு ஆண்டு கழித்து, 1989இல் பேசிய பேச்சுகளுக்காக வியன்னாவில் அதே மனிதருக்கு மூன்றாண்டுச் சிறை. மறந்துபோன பெயர் மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தது, இந்த முறை தியாகி வேடத்தில். தணிக்கை ஜெயிப்பதில் தனக்கு மகிழ்ச்சியில்லை என்று சொன்னவர் வேறு யாரும் இல்லை, லிப்ஸ்டாட். இதை வைத்து 130ஆம் பிரிவைத் தூக்கிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆஷ்விட்ஸைத் திட்டமிட்ட நாட்டில், பிழைத்தவர்களின் பிள்ளைகள் வாழும் தெருவில், அந்தப் பொய்க்குச் சட்டம் இருப்பது நியாயம். அந்தச் சட்டத்தின் வேலியை வரையறைகளால் தள்ளித் தள்ளிப் போடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது மியூனிக் விவகாரத்துக்கு வருகிறேன். என் மடலின் முதுகெலும்பு அதுதான். 2017 டிசம்பரில் மியூனிக் நகர மன்றம், இஸ்ரேல் புறக்கணிப்பு இயக்கம் பற்றிய நிகழ்ச்சிகளுக்கு நகராட்சி அரங்குகள் கிடையாது என்று முடிவெடுத்தது. ஊர்க்காரர் ஒருவர் அரங்கம் கேட்டார். எதற்கு? மியூனிக் நகரம் கருத்துச் சுதந்திரத்தை எவ்வளவு கட்டுப்படுத்துகிறது, நகர மன்ற முடிவால் என்ன விளைவு என்று பேச. அரங்கம் மறுத்தது சரியா என்று பேசுவதற்கே அரங்கம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நாடகத்தில் எழுதினால் ரொம்ப ஓவர் என்பார்கள். வழக்கு லைப்சிக் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் வரை போனது. 2022 ஜனவரி 20 அன்று தீர்ப்பு: நகர மன்ற முடிவு சட்டம் இல்லை, சட்டம் அல்லாத ஒன்றால் அரசியல் சாசனத்தின் 5ஆம் பிரிவு தரும் கருத்துச் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்த முடியாது. 2020இல் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றமும், சூப்பர் மார்க்கெட்டில் இஸ்ரேலியப் பொருள்களை வாங்காதீர்கள் என்று துண்டறிக்கை கொடுத்தவர்களைத் தண்டித்தது தவறு என்று பிரான்சுக்குச் சொல்லியிருந்தது.

இந்த இரண்டு தீர்ப்புகளும் வந்த பிறகுதான் நீங்கள் தீர்மானம் போட்டீர்கள். சட்டமாகக் கொண்டுவந்தால் கார்ல்ஸ்ரூ அரசியல் சாசன நீதிமன்றத்தில் நிற்காது என்பது உங்கள் சட்ட ஆலோசகர்களுக்குத் தெரியும். தீர்மானத்தை எந்த நீதிமன்றத்தில் போய் எதிர்ப்பது? அரங்கம் கேட்டவருக்காவது வழக்குப் போட வழி இருந்தது. நிதி கேட்டு விண்ணப்பித்த நாடகக் குழுவுக்கு வரும் கடிதத்தில் 'இந்த ஆண்டு தேர்வாகவில்லை' என்று மட்டும் இருக்கும். காரணம் யாரோ ஓர் அலுவலர் இணையத்தில் தேடிப் பார்த்த பழைய கையெழுத்து. அது அந்தக் குழுவுக்குக் கடைசிவரை தெரியாது. அடுத்த முறை எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடாமல் இருந்துவிடுவார்கள். நிதி என்பது உரிமை இல்லை, அரசு விரும்பியவர்களுக்குக் கொடுக்கலாம் என்பீர்கள். சரி. நாடகம் நன்றாக இல்லை என்று மறுங்கள், அது தேர்வுக்குழுவின் வேலை. கையெழுத்துக்காக மறுத்தால் அது தண்டனை. பெர்லின் மாநில அரசு 2024 தொடக்கத்தில் இதே வரையறையை நிதி விண்ணப்பங்களில் உறுதிமொழியாகச் சேர்த்து, சட்டச் சிக்கல் வரும் என்று சில வாரங்களிலேயே திரும்ப எடுத்துக்கொண்டதை மறந்துவிட்டீர்களா?

யார் கையில் இதைக் கொடுக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். 2018இல் போலந்து, நாஜிக் குற்றங்களில் போலந்து இனத்துக்குப் பங்குண்டு என்று சொல்வதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. உலகமே எதிர்த்த பிறகுதான் சில மாதங்களில் சிறைப் பகுதியை எடுத்தார்கள். நினைவைக் காக்கிறோம் என்றுதான் அதையும் கொண்டுவந்தார்கள். யூதர்களைக் காட்டிக்கொடுத்த அண்டைவீட்டாரைப் பற்றி ஆராயும் வரலாற்றாசிரியர்களைத்தான் அது பயமுறுத்தியது. இங்கே 2024 செப்டம்பரில் துரிங்கியா மாநிலத் தேர்தலில் முதலிடம் ஹோக்கேயின் ஏஎஃப்டிக்கு. பெர்லினின் யூத இனப்படுகொலை நினைவிடத்தை 'அவமானச் சின்னம்' என்று பேசியவர் அவர். ஹிட்லர் காலம் ஜெர்மனியின் ஆயிரமாண்டு வரலாற்றில் வெறும் பறவை எச்சம் என்று சொன்னவர் அதே கட்சியின் காவுலாண்ட். அந்தக் கட்சி உங்கள் தீர்மானத்துக்கு ஏன் கை தூக்கியது? யூத வெறுப்பு வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் குடியேறியவர்கள் கொண்டுவருவது என்ற வாடை அதில் வீசுவதால்தான். நாளை ஒரு மாநிலத்தில் அவர்கள் பண்பாட்டுத் துறையைப் பிடித்தால், எந்த அரபுக் கவிஞர் மேடை ஏறலாம், எந்த இஸ்ரேலிய இடதுசாரி ஏறக்கூடாது என்று முடிவு செய்ய வேண்டிய அளவுகோலை நீங்களே செய்து வைத்திருக்கிறீர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தொழுகைக்கூடங்களுக்கும் யூதப் பள்ளிகளுக்கும் காவலையும் பணத்தையும் கொடுங்கள். திருவிழா நாள்களில் வாசலில் ஆள் நிறுத்துங்கள். அடித்தவன், குண்டு வீசியவன், கதவில் குறி போட்டவன்மீது வழக்கை வேகமாக நடத்துங்கள். பேச்சில் ஏதாவது ஒன்று இனியும் குற்றமாக வேண்டும் என்று நினைத்தால் மசோதா கொண்டுவாருங்கள். என்ன சொன்னால் குற்றம் என்று வரிவரியாக எழுதுங்கள், நீதிமன்றம் அளந்து பார்க்கட்டும். நிதியையோ அரங்கத்தையோ பதவியையோ மறுக்கும் எந்த அலுவலரும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீட்டுக்கு வழி இருக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. உங்கள் தொகுதியில் ஒருவர் நகராட்சி அரங்கம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு: '2024 நவம்பர் 7 தீர்மானமும் கருத்துச் சுதந்திரமும்'. உங்கள் நகராட்சி கொடுக்குமா, கொடுக்காதா? கொடுக்கும் என்றால் அதை எழுத்தில் சொல்லுங்கள். கொடுக்காது என்றால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி என்று சொல்லுங்கள். பதிலை ஜெர்மன் மொழியிலேயே எழுதலாம். படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஜெர்மனியில் வாழும் ஒரு தமிழன்